ஆமைக்காக நான் நடித்த காட்சி

என் மகள் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்கிறாள். வெளிநாட்டில் யாரோ எழுதும் நகைச்சுவைத் தொடர்களுக்கு, இங்கே எங்கள் ஊர் ஈஜிபுராவில் ஒரு மாடியில் உட்கார்ந்து இவர்கள் கை கால் அசைவு கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் எப்படி எழுந்திருக்கும், எப்படி இருமும் என்று தெரிய வேண்டுமானால், யாரையாவது நடிக்கச் சொல்லிப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து வரைவார்கள். கிழட்டுப் பாத்திரம் எது வந்தாலும் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவாள். நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் ரகசியமான பெருமை. அவள் வரைந்த கழுதை ஒன்று என்னைப் போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வதைப் பார்த்து என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள்.

போன வருடம் ஓர் ஆமை வந்தது. மிருகங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அது சங்கத்துச் செயலாளர். மாடியில் குதிக்காதே, லிஃப்டில் துப்பாதே என்று எல்லோரையும் விரட்டும். அந்த எபிசோடில் அது வலி மாத்திரைக்கு அடிமையாகிவிடுகிறது. மாத்திரைகளை ஓட்டுக்குள் ஒளித்து வைப்பதால் நடக்கும்போது கிலுகிலுப்பைச் சத்தம் வரும். பக்கத்து வீட்டு முயல்கள் அந்தத் தாளத்துக்கு ஆடும். கதையைச் சொல்லும்போதே மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

என் வேலை சின்னது. சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் ஒரு மாத்திரையை வாயில் போட வேண்டும்.

"கொஞ்சம் பதட்டமா பண்ணுங்க அப்பா, அப்பதான் காமெடி" என்று சொல்லி மாத்திரைக்குப் பதிலாக ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தாள்.

ஹாலில் நின்று தண்ணீர் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசினேன். நடுவில் கை சட்டைப் பைக்குப் போயிற்று, மீசையைத் துடைத்தது, இறங்கியது. பேச்சு தடைபடவில்லை.

மகள் போனைப் பார்த்தாள். பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மிட்டாய் எப்ப வாய்க்குள்ள போச்சுன்னே தெரியல. ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளினாத்தான் தெரியுது."

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"அப்பா, வாயைத் திறங்க."

திறந்தேன். வாயில் மிட்டாய் இல்லை. அவள் குரல் இறங்கிவிட்டது. "பெப்பர்மிண்ட்ட யாராவது முழுங்குவாங்களா?"

நான் வலி மாத்திரைக்கு அடிமையானது அது வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. தலை நரைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பழைய மருந்துச் சீட்டை நீட்டுகிறவனை மருந்துக் கடையில் யார் சந்தேகப்படுவார்கள்? "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே கடைக்கு அடிக்கடி போனால் முகம் பதிந்துவிடும் என்று, பஸ் ஏறி ஊருக்கு வெளியே சந்தாபுரா வரைக்கும் போய் வாங்கியிருக்கிறேன். மனைவியிடம் நடைப்பயிற்சி என்று சொல்வேன்.

மகள் கத்தவில்லை. என் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அடுத்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போனாள். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார் அவர். என் மனைவியிடம், முதுகு வலிக்குப் போட்டது பழக்கமாகிவிட்டது என்று சொன்னோம். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உடம்பு நடுங்கிய நாட்களில் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். அந்தக் கஞ்சியை என்னால் நிமிர்ந்து குடிக்க முடியவில்லை. நான் சொன்னது பாதிதான்.

முதல் மாத்திரைகள் என் முதுகு வலிக்கு யாரும் எழுதிக் கொடுத்தவை அல்ல. அவை அவளுடையவை. அவளுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன சமயம். மாத்திரை எடுத்து வைப்பது என் பொறுப்பு. முதுகு பிடித்துக்கொண்ட ஒரு நாள் அவளுடையதில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். வலி போனது. கூடவே வேறொன்றும் போனது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் எழுந்ததும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கனம். மறுநாளும் எடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அவளுடைய டப்பாவில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையை வைத்துவிட்டு, அவளுடையதை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளையும் வட்டமுமாக இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. அவள் வலியில் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அறுவை சிகிச்சை என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள் என்று சொன்னேன்.

இதற்குள் அவளுடைய இடது முழங்காலும் தேய்ந்துவிட்டது. அதையும் மாற்றினால் நன்றாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்கவில்லை. "அந்த வலிய இன்னொருவாட்டி என்னால தாங்க முடியாது, விட்டுடுங்க" என்பாள். மாடிப்படி இறங்குவதை நிறுத்தினாள். தெருமுனைக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது அவளுக்கு ஒரு சந்தோஷம், அதையும் விட்டாள். பால்கனி நாற்காலியோடு அவள் உலகம் முடிந்துகொண்டிருந்தது. அவள் பயந்த வலி அறுவை சிகிச்சையின் வலி அல்ல என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை முழுக்க விட்டுச் சில வாரங்கள் ஆனபோது ஆமை எபிசோடு தயாராயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் அதை டிவியில் போட்டாள். என் கை, என் மீசைத் துடைப்பு, எல்லாம் ஆமையிடம் இருந்தன. கிலுகிலுப்பைச் சத்தத்துக்கு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியில் ஆமை கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்கிறது. எல்லா மிருகங்களும் கைதட்டுகின்றன. முயல்கள் கேக் வெட்டுகின்றன.

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஆமா, அந்த மாத்திரையெல்லாம் யாரோடது?"

"பக்கத்து ஃபிளாட் யானைக்கு வந்த பார்சல்மா. ஆரம்பத்துல காட்டினாங்களே, கால்ல கட்டு போட்டிருக்குமே" என்றாள் மகள்.

"அப்ப அந்த யானை என்ன பண்ணுச்சு? அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. ஆமை அழுதா எல்லாரும் கைதட்டிடறதா?"

"காமெடிம்மா அது."

டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"உனக்கு வந்த மாத்திரைய நான் சாப்பிட்டேன்" என்றேன். "உன் டப்பால காய்ச்சல் மாத்திரைய வெச்சேன். நீ பட்ட வலி ஆபரேஷனால இல்ல. என்னால."

மகள் டிவியை அணைத்தாள். அவளுக்கும் இது புதிது. மனைவி தன் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் அழுதப்ப கால் புடிச்சு விட்டீங்களே" என்றாள்.

"ஆமா."

"மாத்திரைய எடுத்ததக்கூட வியாதின்னு விட்டுடலாம். பக்கத்துல உக்காந்து எனக்கு தைரியம் சொன்னீங்க பாருங்க, அத நான் எங்க கொண்டு போய் வெக்கிறது?"



அதன் பிறகு அவள் மகளின் அறையில் படுத்தாள். காபி வேண்டுமா என்பதைக்கூட மகள் வழியாகக் கேட்டாள். நான் சமாதானம் செய்யப் போகவில்லை. இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் சமாதானமாகத்தான் சொன்னேன் என்பது எனக்கே புரிந்திருந்தது. பிறகு ஒரு காலை, பால்கனியிலிருந்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சரியான மாத்திரை போட்டிருந்தா எவ்ளோ வலிச்சிருக்கும்?"

"எனக்குத் தெரியாது. டாக்டர கேக்கலாம்."

கேட்டாள். மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கேட்டிருக்கிறாள். திரும்பி வரும்போது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்தாள். மாத்திரை மகளின் பையில் இருக்கும், நீங்கள் தொடக் கூடாது என்றாள். அப்படிச் சொன்னபோது எனக்கு வலித்தது. ஒருவகையில் பாரமும் இறங்கியது. மருந்துக் கடையைத் தாண்டும்போது இன்னமும் என் நடை மெதுவாகிறது என்பதை அவளிடம் சொன்னேன். "சொன்னீங்களே, அது போதும்" என்றாள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். நானும் மகளும் கூட நடந்தோம். வலிக்கிறதா என்று மகள் கேட்டாள்.

"வலிக்குது. தாங்கலாம்" என்றாள். இன்னும் நாலடி வைத்து நின்றாள். "இவ்ளோதானா இது?"

மகளிடம் கேட்டது போலிருந்தது. ஆனால் பார்வை என் மீது இருந்தது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவள் பார்த்து முடிக்கும் வரை நின்றேன்.

"படி வரைக்கும் போலாம்" என்று வாக்கரைத் திருப்பினாள். நான் அவள் இடப்பக்கம் நடந்தேன். அவள் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை, தள்ளிப் போகவும் சொல்லவில்லை.