நைனா வேட்டியில் வரைந்த அம்மா

மரப்பசையில் சாக்பீஸ் தூளைப் போட்டுக் குழைத்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... மழை நாளில் பள்ளிக்கூட வகுப்புக்குள் நுழைந்த மாதிரி. ஊரடங்கு சமயத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்.

கம்பெனியில் ஷிஃப்ட் நின்றுபோயிருந்தது. மானாம்பதியில் எங்கள் தொகுப்பு வீட்டில் சாப்பிடுவதும் போனைப் பார்ப்பதுமாக நாள் ஓடியது. அந்தப் போனில்தான் யாரோ ஒருவர் வீட்டிலேயே கேன்வாஸ் செய்து காட்டினார். பள்ளிக்கூட நாளில் நான் சுமாராக வரைவேன். கை துறுதுறுத்தது.

உடைந்த கட்டில் சட்டத்தை அறுத்து நாலு பக்கமும் சேர்த்து அடித்தேன். துணிக்காக டிரங்குப் பெட்டியைத் துழாவியதில் பழைய வேட்டி ஒன்று கிடைத்தது. அதை இழுத்துக் கட்டி, பசையைப் பூசி, வெயிலில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் விறைத்துக்கொண்டது.

யாரை வரைவது என்று யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கென்று ஒரு போட்டோ கிடையாது. ஆதார் கார்டில் இருப்பதைப் போட்டோ என்று சொன்னால் அவளே சண்டைக்கு வருவாள். நாற்று நட்டு நட்டே வளைந்த முதுகு அது. நான் அவளை நிமிர்ந்து நிற்க வைத்து, தலையில் புல்லுக்கட்டோடு வரைந்தேன். கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை, சின்ன டப்பாக்களில் சிவப்பு, கருப்பு, வெள்ளை. மஞ்சள் கிடைக்கவில்லை, சமையல் மஞ்சள்தூளையே கலந்தேன்.

மூக்கு இவ்வளவு பெரிசா என்று கேட்டாள் அம்மா. ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் போனாள்.

எங்கே மாட்டுவது?

ஆணி அடித்தால் கையளவு பெயர்ந்து விழுகிற சுவர் எங்களுடையது. செத்துப்போன நைனாவின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆணி உறுதியாக, காலியாக இருந்தது. மாட்டிவிட்டேன். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நைனா படத்துக்குப் பூ வைப்பது என் மனைவி தேவியின் வழக்கம். ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை மொட்டையாக விட மனசு வரவில்லையாம். அம்மா படத்துக்கும் ஒரு முழம் சாமந்தி போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். அம்மா கழனியில். நான் கொல்லையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாதக்கணக்கில் எங்கும் நகர முடியாமல் கிடந்த கன்னியம்மா அத்தை, நைனாவின் தங்கை, அன்றைக்குப் பார்த்துத்தான் மாகறலிலிருந்து வந்து சேர்ந்தாள்.

ஒப்பாரி கேட்டு ஓடினேன். படத்துக்குக் கீழே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள் அத்தை. சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லாமல் நாலு பேரை வைத்துக் காரியத்தை முடித்த காலம் அது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவளின் முகத்தைக் காட்டாமல் செய்துவிட்டாயே என்று என்னை ஏசினாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் குரல்.

"யாருக்குடி அழுவுற?"

தலையில் புல்லுக்கட்டோடு அம்மா நின்றாள். படத்தில் இருந்த அதே மாதிரி.

அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. பிறகு எழுந்துபோய் அம்மாவின் கையைக் கிள்ளிப் பார்த்து, கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. பூவைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். படத்தைக் கழற்றி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டாள்.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. தேவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"பெத்த புள்ள... உசுரோட கீறப்பவே எனுக்கு ஆணி அடிச்சிட்டான்."

ஆசையாகச் செய்தது என்னவோ நிஜம். ஆனால் அந்தச் சுவரில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனுக்குத் தெரிய வேண்டாமா? நாலாம் நாள் காலையில், பிரித்து அடுப்பில் வைத்துவிடலாம் என்று டிரம் பக்கம் போனேன்.

படத்தைக் காணோம்.

எதிர்ச்சுவரில், டிவிக்கு மேலே வென்டிலேட்டர் கம்பியில் மாட்டுக்கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கீழே அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பின்னால பச்சக் கரை தெரிஞ்சுது. உங்க நைனா வேட்டியாடா அது?"

படத்தின் முகத்தைத் திருப்பி வைத்தாள் அல்லவா... அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். நைனா கடைசியாகக் கட்டிய நல்ல வேட்டியாம். நைனாவுடையது என்று தெரியும், கடைசியாகக் கட்டியது என்று தெரியாது. ஆமாம்மா என்றேன்.

அம்மா ஒரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டாள்.

"அவரு அங்க கீறாரு, நான் இங்க கீறேன். பாத்துக்கினு கெடக்குறோம். அந்த ஆணிய மட்டும் புடுங்காத. அது என்னுதுதான். நேரம் வந்தா நானே வரேன், நீ அவசரப்படாத."

இப்போது ரெடிமேட் கேன்வாஸ் வாசலுக்கே வருகிறது. டியூப் டியூபாகக் கலர். சுவரைப் பூசியாகிவிட்டது, நினைத்த இடத்தில் ஆணி இறங்குகிறது. தென்னேரி ஏரியை மட்டும் மூன்று தடவை வரைந்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாவற்றையும் தாண்டி அம்மா படத்துக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். மஞ்சள்தூள் வெளுத்துப் படத்து முகம் மங்கிவிட்டது. அம்மாவின் நிஜ முகம் மங்கவில்லை, வாயும் குறையவில்லை. அத்தை மட்டும் தெருவிலிருந்தே "அண்ணி, கீறியா?" என்று கேட்டு, பதில் வந்தபிறகுதான் உள்ளே கால் வைக்கிறாள்.

அந்த ஆணியைப் பிடுங்கவில்லை. காலியாகப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் கடைத்தெருவில் இருப்பதிலேயே தடிமனான தினசரி காலண்டராக வாங்கி அதில் மாட்டுகிறேன். காலையில் எழுந்ததும் அம்மா ஒரு தாளைக் கிழிப்பாள்.

டிசம்பரின் கடைசித் தாளை அவள் கிழிக்கிற காலையில், புதுக் காலண்டரோடு நான் பக்கத்திலேயே நிற்பேன்.