மைக்செட்காரர் சமாதானம்

மைக்செட்காரர்களெல்லாம் "ஹலோ, ஹலோ, செக்" என்றுதான் மைக்கைச் சோதிப்பார்கள். இவர் மட்டும் "சமாதானம்" என்பார். கல்யாணமோ, பள்ளி ஆண்டு விழாவோ, மைக்குக்குள் முதலில் போகிற வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்பது இவர் கட்சி. ஊரும் இவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. இவர் மனைவிக்கு இதில் அடக்க முடியாத சிரிப்பு. கல்யாணமான புதிதில் இந்தச் சமாதானத்தின் வாய் எப்பேர்ப்பட்ட வாய் என்று அவளுக்கல்லவா தெரியும்.

அப்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுவார். ஒரு கல்யாணத்தில், மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் மணப்பெண்ணின் அப்பாவைக் காட்டி, "மனுஷன் பொண்ணைத் தள்ளிவிட்டாப் போதும்னு நிக்கறார்" என்று சொல்லிவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்த அப்பா சண்டைக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்ச் சுவரோரமாக நின்றார். பெண் அழுதாள். மறுநாள் இவர் போய் மன்னிப்புக் கேட்டார், அவரும் மன்னித்தார். ஆனால் ஸ்பீக்கர் வழியே போன சொல்லைத் திரும்ப வாங்க எந்தப் பொத்தானும் கிடையாதே. "ஆண்டவரே, என் வாயை நீங்களே பாத்துக்குங்க, என்னால முடியல" என்று இவர் முழங்காலில் நின்று அழுததை அவள் அறை வாசலிலிருந்து பார்த்தாள்.

ஒரே நாளில் திருந்திவிடவில்லை. கோபம் வந்தால் பேசாமல் உட்கார்ந்து வயர் சுருட்டப் பழகினார். வீட்டு வயரெல்லாம் இவ்வளவு அழகாகச் சுருண்டு கிடப்பதற்கு முழுக் காரணமும் தன் மனைவிதான் என்று இன்றைக்கும் கேலி செய்வார்.

தேவாலயச் சபையில் ஒலிபெருக்கி இவர் பொறுப்பு. இவருக்குச் சோறு போடுவதும் அதுதான், ஊழியமும் அதுதான். சமீபமாக இடது காது கொஞ்சம் மந்தம். அதைச் சாக்காக வைத்து வேறு ஆளைப் போடப் பார்க்கிறார்கள், மாலைக் கூட்டத்தில் செயலாளர் பேசி முடித்துவிடுவார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றுவாக்கில் சேதி வந்தது. மனைவி வழக்கம்போல, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேஜையில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செயலாளர் அறிவிப்புகளை வாசித்துவிட்டு, சட்டையில் மாட்டிய காலர் மைக்கோடு பக்கத்து அறைக்குப் போனார். இவர் உடனே அந்த மைக்கின் குமிழைக் கீழே இறக்கினார். காலையிலிருந்தே அது கரகரத்ததால் ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பார்த்தார். இவர் முகம் சுண்டிப்போனது. அவள் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

"அந்தச் செவிட்டுப் பொம்மையை இன்னைக்கே அனுப்பிடலாம்" என்று செயலாளர் பொருளாளரிடம் சிரித்துக்கொண்டிருந்தார். "பொண்டாட்டி தட்டிச் சொன்னாத்தான் அவனுக்குப் பாட்டு முடிஞ்சதே தெரியும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபையார் கண்ணை மூடி மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். குண்டூசி விழுந்தாலும் கேட்கும். குமிழை ஒரு விரல் அளவு மேலே தள்ளினால் போதும், செயலாளரின் மானம் கப்பலேறிவிடும்.

"ஏத்தி விடுங்க" என்றாள் இவர் காதோரம். "நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் பேச்சை அவரே சபைக்குச் சொல்லட்டும்."

"வேண்டாம்மா."

"நம்ம வேலை போயிடும்ங்க."

"தெரியும். அதுக்காக, அன்னைக்கு அந்தப் பொண்ணோட அப்பா நின்ன மாதிரி இவரும் நிக்கணுமா?"

அவள் கை நீண்டது. இவர் உள்ளங்கையால் குமிழை மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, இது நம் மனுஷன் என்று பெருமையாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்து மைக்கைக் கழற்றும்போதுதான் அதில் பச்சை விளக்கு எரிவதைச் செயலாளர் பார்த்தார். மேஜைக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது ஆன்லயேவா இருந்துச்சு?"

"ஆமாங்க." இவருக்குப் பொய் வராது.

"பேசினது கேட்டுச்சா?"

மனைவி வாயைத் திறந்தாள். அவள் முந்துவதற்குள் இவர், "சபைக்குக் கேக்கலைங்க" என்றார். மைக்கை வாங்கி பேட்டரியைக் கழற்றி வைத்தார்.

செயலாளர் அந்த பேட்டரியையே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மாலைக் கூட்டத்தில் அவர் பேச எழுந்தார். செயலாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நம்ம மைக்செட்காரரைப் பத்திக் காலையில நான் அசிங்கமாப் பேசினேன். அது அவர் காதுல விழுந்துச்சு. உங்க காதுல விழாம அவர்தான் பாத்துக்கிட்டார். அவரை மாத்தணும்னா, முதல்ல என்னை மாத்துங்க."

"சரியாக் கேக்கலையே" என்றார் கடைசி வரிசையில் யாரோ.

அவள் கை குமிழுக்குப் போனது. இந்தத் தடவை இவர் தடுக்கவில்லை.