தங்கச்சி காட்டுக்குள் நடந்த நாள்

காலபோக அறுவடை முடிந்து நெல்லெல்லாம் மில்லுக்குப் போன பிறகு, வட்டக்கச்சியில் எல்லோருக்கும் கொஞ்சம் சும்மா இருக்கக் கிடைக்கிற ஒரு கிழமை வரும். அப்படியொரு கிழமையில்தான் தங்கச்சி என்னிடம் கேட்டாள். நான் குசினி வாசலில் தேத்தண்ணீரோடு குந்தியிருந்தேன். அவள் தையல் மெசினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணா, என்னைக் காட்டுக்குள்ள ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் காட்டுவழியால் போகிறதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றேன்.

"கோயிலுக்கில்லை. சும்மா. ஆத்தங்கரையால நடந்து அந்தக் கல்லுமலைக்கு."

போர் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிவந்த புதிதில், விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் அவளுக்கு இடது கால் போனது. முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதற்குப் பிறகு அவள் நடந்ததெல்லாம் வீட்டு வளவிலும் தார் றோட்டிலும் ஆஸ்பத்திரி விறாந்தையிலும்தான். மண் பாதையில் இறங்கவே மாட்டாள். வயலுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால்கூட றோட்டிலேயே நின்று கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் காட்டைக் கேட்கிறாள்.

"ஏன் இப்ப?" என்று கேட்டேன்.

"பயந்து பயந்து களைச்சுப் போனன்" என்றாள். அவ்வளவுதான். மெசின் ஓடத் தொடங்கிவிட்டது.

கனகராயன் ஆறு தெற்கே வவுனியாப் பக்கமிருந்து காடுகளுக்குள்ளால் வந்து இரணைமடுக் குளத்தில் விழுகிறது. மேலே போகப் போக, தட்டையான எங்கள் நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாறைகள் எழும்பும். அவற்றை மலை என்று சொன்னால் மலைநாட்டு ஹற்றனிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேறு மேடு காணாத எங்களுக்கு அவை மலைதான். நாங்கள் போக நினைத்த மலையில் பழைய காலத்துக் கல்தூண்களும், பாறையிலேயே வெட்டிய படிகளும் இருக்கின்றன. சின்ன வயதில் மாடு தேடிப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறி விளையாடியிருக்கிறோம்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டோம். பாணும் சம்பலும், இரண்டு போத்தல் தண்ணீர், பொய்க்காலுக்குள் அவள் இழுத்துப் போடுகிற மேசுக்கு மாற்று ஒன்று, ஒரு துவாய். காட்டு விளிம்பில் ஒரு மருதமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அதற்கு அங்காலே பாதை மட்டும்தான்.

அவள் இறங்கி, சீற்றில் ஒரு கையை ஊன்றியபடி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அந்தப் பகுதியை முடித்துக்கொடுத்து வருடக்கணக்காகிவிட்டது. ஊரார் தினமும் போய்வருகிற பாதை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வேண்டாமெண்டால் திரும்புவம்" என்றேன்.

"பேசாம நில்லுங்கோ அண்ணா."

அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையால் காட்டினாள். புது மாட்டுச் சாணம். அதற்கப்பால் குளம்புத் தடங்கள். "மாடு போயிருக்கு" என்றாள். முதல் அடியை ஒரு குளம்புத் தடத்தின் மேலேயே வைத்தாள். அடுத்ததையும் அப்படியே.

நான் முன்னுக்குப் போகப் பார்த்தேன். அவள் என் சேட் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்கள் முன்னுக்குப் போகாதேங்கோ. எனக்குத் தெரியும், ஏன் போறியளெண்டு."

"அப்ப நீ முன்னுக்குப் போவியோ?"

"நான் போறன். எனக்கெண்டால் ஒரு கால்தானே மிச்சம்."

அவள் பகிடியாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம். கடைசியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அது ஒரு மாடு போகிற அகலமுள்ள பாதை. என் தோளை வீரைமரக் கொப்புகள் ஒரு பக்கம் கீறின, அவளுடைய சட்டையில் முள் பிடித்து இழுத்தது. அப்படியே போனோம். கொஞ்சத் தூரத்தில் யானை லத்தி கிடந்தது, காய்ந்தது. அதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. "யானையே நடந்திருக்கு. இனிப் பயமில்லை" என்றாள். யானைக்குப் பயப்படாமல், யானை நடந்த இடமென்று சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆற்றைக் கடக்கிற இடத்தில் நான் நினைத்ததைவிடத் தண்ணீர் கூட. மணலாகக் கிடக்குமென்று நம்பி வந்திருந்தேன். இடுப்பளவு இருந்தது, அடியில் வழுக்குப் பாறை. பொய்க்கால் நனையவும் கூடாது. "நான் தூக்கிக்கொண்டு போறன்" என்றேன்.

"தூக்க விடமாட்டன்."

"அப்ப என்ன செய்யிறது?"

அக்கரையில் ஒருவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளைத் தண்ணீருக்கு விட்டிருந்தார். எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, டியூப்பில வாறீங்களா? மீன் பிடிக்கக் கொண்டுவந்தது. நல்ல டியூப்."

லொறிச் சில்லின் கறுத்த டியூப். அதை உருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி எங்கள் பக்கம் வந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்துவிட்டு, சில வருடங்களுக்கு முன்னர்தான் குடும்பத்தோடு திரும்பி வந்ததாகச் சொன்னார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறமாதிரி நாங்கள் அவரை நானா என்று கூப்பிட்டோம்.

தங்கச்சி கரையில் இருந்துகொண்டு பொய்க்காலைக் கழற்றினாள். அறிமுகமில்லாத ஒருவருக்கு முன்னால் அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. நானா மற்றப் பக்கம் திரும்பி மாடுகளைப் பார்த்தார். அவள் டியூப்பில் ஏறி இருந்துகொண்டு, காலை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்துப் பிடித்தாள். நானா ஒரு பக்கம் தள்ள, நான் மறுபக்கம் பிடிக்க, மெல்ல மிதந்து போனோம். நடு ஆற்றில் என் கால் வழுக்கி நான் முழுக்க நனைந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது.

"திரும்பி வரும்வரை நான் இஞ்சதான் நிப்பன். அவசரப்படாதீங்க" என்றார் நானா.

மலையடியில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டிருந்தது. படிகளோரம் தூண்கள் சில நிமிர்ந்தும் சில சரிந்தும் நின்றன. இவற்றை யார் கட்டினார்கள் என்று ஊரிலும் பத்திரிகையிலும் ஓயாத வாக்குவாதம். நான் அதைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். தங்கச்சி படிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் கட்டினதோ தெரியாது. படியைப் பதிவா வெட்டியிருக்கினம். எனக்கு அளவா இருக்கு" என்றாள்.

உண்மைதான். உயரம் குறைந்த, அகலமான படிகள். நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்து, அடுத்த படி. அப்படியே ஏறினாள். படிகள் முடிந்த இடத்தில் வழுவழுப்பான பாறை. அதில் இருந்துகொண்டு, முதுகுப்பக்கமாகக் கைகளை ஊன்றி ஊன்றிப் பின்னோக்கி ஏறினாள். நான் கை நீட்டியபோதெல்லாம் தட்டிவிட்டாள்.

மேலே காற்று அடித்தது. கீழே ஆறு தெரியவில்லை, அதன் இரு கரையிலும் நின்ற மருதமரங்களின் வரிசைதான் வளைந்து வளைந்து போனது. வடக்கே வெகு தூரத்தில் இரணைமடுத் தண்ணீர் ஒரு கீற்றாக மினுங்கியது. பாணைப் பிய்த்துச் சம்பலோடு சாப்பிட்டோம்.

பிறகு அவள் சொன்னாள். "கால் போனதுக்குப் பிறகு எல்லாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனவைதான். ஆஸ்பத்திரிக்கு, கூட்டத்துக்கு, கோயிலுக்கு. ஆரும் கேக்கேல்லை, உனக்கு எங்க போக விருப்பமெண்டு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"எனக்கே தெரியேல்லை, அண்ணா. போன மாசம் தைச்சுக்கொண்டிருக்கேக்க, ஒரு சீத்தைத் துணியில மரம் மரமாப் படம். பாத்துக்கொண்டே இருந்தன். அப்பதான் தெரிஞ்சுது."

அவள் காலைக் கழற்றி, மேஸை மாற்றினாள். தோல் சிவந்து ஒரு இடத்தில் கொப்புளம் போட்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். துவாயை நனைத்துக் கொடுத்தேன். ஒற்றிக்கொண்டாள்.

இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பாதி வழியில் வலி தாங்காமல் ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போது அவளாகவே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஆற்றடிக்கு வரும்போது நானா பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி வைத்திருந்தார். எங்கள் பக்கக் கரை சேர்ந்த பிறகு, தன் மகனுக்கு ஃபோன் எடுத்து, மணல் ஏற்றுகிற சுற்றுவழியால் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் பெட்டியோடு கொண்டுவரச் சொன்னார். மோட்டார் சைக்கிள் நின்ற இடம்வரை அதன் பெட்டியில் வைக்கோல் மேல் இருந்து வந்தோம்.

கொப்புளம் ஆற இரண்டு கிழமை எடுத்தது. அம்மா என்னைத்தான் ஏசினா. "அவளுக்குத்தான் விசரெண்டால் உனக்குமோ?" தங்கச்சி மெசினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பங்குனி கடைசியில் நான் ஒரு கலியாணத்துக்கு மல்லாவிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அடுத்தநாள் பக்கத்து வீட்டுக்காரி தன்னுடைய ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்கட தங்கச்சியைப் பாத்தீங்களோ?" படத்தில், தங்கச்சி தைத்துக்கொடுக்கிற தையல் நிலையத்துப் பெண்கள் நாலு பேர் அந்த மலையுச்சியில் இருந்தார்கள். நடுவில் தங்கச்சி. காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பொய்க்காலின் மேல் ஒரு தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். எல்லோரும் வாயைத் திறந்து சிரித்தபடி.

வீட்டுக்குள் போய்க் கேட்டேன். "என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"நீங்கள் கலியாணத்துக்குப் போயிட்டியள்."

"அடுத்த ஞாயிறு போயிருக்கலாம்தானே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்களைக் கூட்டிக்கொண்டு போனா ஒவ்வொரு படிக்கும் கையை நீட்டுவியள். அவளவை நீட்டமாட்டாளவை. அவளவைக்குத் தங்கட மூச்சைப் பிடிக்கவே நேரமில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.