முன்னாலேயே இறங்கிவிடும் அக்கா

பத்தாவதோடு நின்றவள் நான். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாயங்கால டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவார். நல்ல பருமன். புடவைக்குக் கீழே ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூ. ஊர் வருவதற்கு வெகு முன்பே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இறங்கி நடப்பார்.

"யக்கா, ஊர் வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கினு பாதியில எறங்குறியே!" என்று கண்டக்டர் சீண்டுவார்.

"உன் பஸ்ஸு பாவம்பா, இழுக்க முடியல."

காதுகுத்து, கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை என்று பஸ்ஸில் யாராவது தின்பண்டம் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள் என்று வாங்கி, ஒருமுறை மோந்துவிட்டு என் கையில் வைப்பார். "நீ துன்னு, நான் பாத்துக்கினு இருக்கேன்." கூச்சத்தோடு தின்பேன்.

ஒருநாள் ஒரு லட்டை என் கையில் வைத்தபோது தைரியம் வந்து, "எதுக்குக்கா இவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டேன்.

"தம்பிக்குக் கிட்னி குடுக்கணும்மா. என்னுது சேருதாம். ஆனா ஒடம்பு கம்மியானாதான் ஆபரேஷன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"பயமா இல்லியா?"

"ஆபரேஷனுக்கு இன்னா பயம்? இந்த லட்டுக்குத்தாம்மா பயம்."

போன மாதம் ஒரு சாயங்காலம் ஏறியதும் என் கையைப் பிடித்தார். "டாக்டரு சரின்னுட்டாரும்மா. நாளைக்கு தம்பியும் நானும் மெட்ராஸ் போறோம்." அன்றைக்கும் வழியிலேயே இறங்கி நடந்தார். இனி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் கண்டக்டர் என்னிடம், "உங்க அக்கா வர்லீங்களா?" என்று கேட்டார். தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.