இரட்டைக் குழலை அடையாளம் கண்டவள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பழைய கைத்துப்பாக்கிகளின் மேல் பைத்தியம். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்த காலத்தில் செய்தவை. இன்று ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாதவை. கல்யாணத்துக்கு முன்பே தொற்றிக்கொண்ட பைத்தியம் அது. சொல்லப்போனால், கல்யாணமே அதனால்தான் நடந்தது.

கடைத்தெருவின் மறுகோடியில் ஒருத்தி மோதிரங்களிலும் வெள்ளிக் கிண்ணங்களிலும் பெயர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலாக வாங்கிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, அதிலிருந்த முத்திரை யாருடையது என்று கேட்க அவளிடம் போனார். அவள் கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"முத்திரை நேத்து அடிச்சது. உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். அவரோ மறுவாரம் இன்னொரு துப்பாக்கியுடன் போனார். அதற்கடுத்த வாரம் துப்பாக்கி இல்லாமலே போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பொருள் என்னவென்று அவள் சொல்வாள். விலை என்னவென்று அவர் சொல்வார். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு செதுக்கு வேலையின் மேல் நகத்தை ஓட்டுவாள். ஒவ்வொருவன் உளிக்கும் ஒரு நடை உண்டு என்பாள். எந்தப் பாகம் அசல், எது பின்னால் மாற்றியது என்று அவள் பிரித்துச் சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். பழமையின் கருமை போகத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். பழம்பொருள் வியாபாரிகள் அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

மறதி முதலில் விளையாட்டாகத்தான் வந்தது. அடுப்பில் பாலை வைத்ததை மறந்தாள். மகளுக்கு போன் போட்டுவிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்று அவளிடமே கேட்டாள். பிறகு ஒருநாள், கல்யாணப் பெண்ணின் மோதிரத்தில் பெண்ணின் பெயருக்குப் பதில் தன் பெயரை வெட்டிவிட்டாள். அன்றோடு உளிகளைச் சுருட்டி வைத்தாள். வரவரப் பேச்சும் நின்றது. ஊட்டினால் சாப்பிட்டாள்; கையைப் பிடித்தால் நடந்தாள். 'என்னங்க' என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை. பேச்சு நின்றதால் அதுவும் நின்றது, அவ்வளவுதான் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்படியிருக்கும்போதுதான் பழக்கமான வியாபாரி ஒருவன் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, வினோதமா ஒண்ணு மாட்டியிருக்கு. மேலயும் கீழயும் ரெண்டு குழல். ஆனா கல்லைப் பிடிக்கிற சுத்தி ஒண்ணுதான். கீழ்க்குழல் எப்படி வெடிக்கும்? எவனோ ரெண்டை உடைச்சு ஒட்டவச்சிருக்கான்."

அவருக்கும் பிடிபடவில்லை. இப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார், தேடியும் இருக்கிறார். கையில் எடுத்ததில்லை. இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே துப்பாக்கியை எடுத்தாள். நகம் அதில் செதுக்கியிருந்த கொடிகளின் மேல் ஊர்ந்து, இடப்பக்கம் பொத்தான் அளவிலிருந்த ஓர் இரும்புப் பூவில் வந்து நின்றது.

"இந்தப் பூ திரும்பும்" என்றாள்.

எத்தனையோ மாதம் கழித்து அந்தக் குரல்.

"இலை நரம்பு இங்க வந்து அறுந்து நிக்குது பாருங்க. வெட்டினவன் ஒரே ஓட்டத்துலதான் வெட்டியிருப்பான். அப்புறந்தான் பூ திரும்பியிருக்கு."

அவர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் பிடித்து மெல்ல அழுத்தினார். முரண்டு பிடித்த பூ நகர்ந்தது. நரம்போடு நரம்பு சேர்ந்தது. மேலே, வெடிமருந்து வைக்கும் குழியின் அடியில் இன்னொரு சின்னக் குழி வாய் திறந்தது. மேல்குழலில் சுட்டுவிட்டுப் பூவைத் திருப்பினால், அதே சுத்தி கீழ்க்குழலுக்கும் நெருப்பு வைக்கும்.

"அண்ணின்னா அண்ணிதான்!" என்று வியாபாரி துள்ளினான்.

அவள் திரும்பி வந்துவிட்டாள் என்றே அவர் நினைத்தார். "ஒட்டு வேலை இல்லையே?"

"முழுக்க ஒரே கை. அசல்."

"அப்ப என்ன விலை போடலாம், சொல்லு பார்ப்போம்!"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாடிக்கையாளரிடம் காட்டும் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"விலை எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரர்தான் சொல்வார். கடையிலேருந்து வர்ற நேரந்தான், உக்காருங்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. இந்த மாதிரி ஒண்ணைத்தான் ரொம்ப நாளாத் தேடறார். பார்த்தா குழந்தை மாதிரி குதிப்பார்."

வியாபாரி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க, இருக்கேன்" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவி, கடைக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி வாசல் வழியாக உள்ளே வந்தார். "இந்தா, வந்துட்டேன்."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? அவர் இன்னும் வரலைங்களே."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அந்தத் துப்பாக்கிக்கு நியாயமான விலையையே வியாபாரியிடம் சொன்னார். குறைத்துச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவள் அசல் என்று சொன்ன பொருளை மட்டம் தட்ட மனம் வரவில்லை. அதற்கு ஈடாக அலமாரியில் இருந்த துப்பாக்கிகளில் பாதி போனது. விஷயம் தெரிந்து மகள் கொதித்தாள்.

"யாருக்காகப்பா இதெல்லாம்? அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

"அவளுக்கு எல்லாம் தெரியும்மா. நான் யாருன்னுதான் தெரியல."

அதன்பிறகு, சாயங்காலமானால் அவள் இரட்டைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அவர் கடையிலிருந்து வந்து எதிரே உட்காருவார். காத்திருக்கும் வெளியாளிடம் பேச்சுக்கொடுப்பதுபோல் தன் புருஷனைப் பற்றிச் சொல்வாள். அத்தனை வருஷ வாழ்க்கையில் அவரிடம் சொல்லாதவை.

"சாதுங்க. ஒரு தடவைகூட என்னைக் கடிஞ்சு பேசினதில்லை."

அது உண்மையில்லை. எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறார். ஒன்றைக்கூட அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லையா, எல்லாமே மறந்துபோனதா என்று தெரியாமல் "அப்படியாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தாள். கடைசியாகக் கண் திறந்தபோது கேட்டாள்: "அவர் வந்தாச்சா?"

"வந்துட்டார்மா. இதோ, உன் பக்கத்துலதான்" என்றாள் மகள்.

அவள் பார்வை அவர் முகத்தில் தங்காமல், தோளைத் தாண்டிக் கதவுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அவள் போன பிறகு, துப்பாக்கிகளை எல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடுத்துவிட்டார். கடைக்கு மட்டும் ஒருநாளும் தவறாமல் போகிறார். பூட்டும் நேரம் வந்தும் பூட்டாமல், தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போகிற அவசரம் எதுவும் அவருக்கு இல்லை.