நீலம் போன தண்ணீர்

கொழும்பு மட்டக்குளியில் துணிக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றின் கழிவுநீர்க் குழாயில், நான் செய்த வடிகட்டியைப் பொருத்தினேன். தலைமுடியைவிட மிக மெல்லிய நானோ இழைகளால் ஆன வெள்ளைத் தாள் அது. உள்ளே நீலமாகப் போன நீர் கண்ணாடிபோல் வெளியே வந்தது.

"பாருங்க, கிளீன் தண்ணி! இனி ஒருத்தரும் கம்ப்ளெயின் பண்ண ஏலாது!" என்று ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார் முதலாளி. நானும் பூரித்துப்போய் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு அக்கா குழாயின் வாயில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடுப்பில் குழந்தை.

"அக்கா, அதை எடுக்காதீங்க!"

"ஏன் தம்பி? காலையில இருந்து வீட்டு பைப்பில தண்ணி இல்ல. பிள்ளையைக் குளிப்பாட்டத்தான். கலர் வந்தா நாங்க கிட்டயும் போக மாட்டோம். இண்டைக்குத்தான் நல்லா வருதே."

"கலர் மட்டுந்தான் போயிருக்கு. சாயத்துக்குப் போட்ட உப்பும் சலவைச் சோடாவும் அப்படியே இருக்கு. பிள்ளைக்குத் தோல் எரியும்."

"அப்ப என்னத்தைத்தான் சுத்தம் பண்ணினீங்க?"

உள்ளே ஓடி வடிகட்டியைக் கழற்றினேன். குழாயில் மறுபடி நீலம் வந்தது. அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். முதலாளி என்னைத் திட்டத் தொடங்கினார்.

நீலத்தை ஒழிக்கவென்றே படித்தவன் நான். அன்று அந்த நீலம் திரும்பி வந்ததைக் கண்டுதான் எனக்கு மூச்சே வந்தது. நீலம் ஏறிய தாளை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். அன்று நான் செய்த நல்ல காரியம் பொருத்தியதா, கழற்றியதா? இன்னும் விளங்கவில்லை.