கந்தகம் போட்ட படங்கு

நமுனுகுலப் பக்கம் காலைல மலை ஏறினா முதல்ல நனையிறது இடுப்புதான். தேயிலைச் செடி அந்த ஒசரம், பனி முழுக்க அதுமேல. அதுக்குத்தான் சாக்கை இடுப்பைச் சுத்திக் கட்டுவோம், படங்குன்னு பேரு. கொஞ்ச நேரத்துல அது தண்ணி குடிச்சுக் கனத்துப்போய் அடிவயித்துல ஒட்டிக்கும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம், கடையில பொலிதீன் கிடையாது. எனக்கு ஏழு மாசம். முந்தினது ஒண்ணு மழையில நனைஞ்சு நனைஞ்சே கலைஞ்சுபோச்சு. இதாவது தங்கணுமேன்னு ஒரே பயம்.

வீட்டுக்காரருக்குப் பதுளையில ஒரு டயர் கடையில வேலை. டயர் ஒட்டுற ரப்பர் சொலூஷனைச் சாக்குல பூசிக் கொண்டாந்தார். காலைக் குளிர்ல தகரமா வெறச்சு நின்னுச்சு. வெயில் ஏறினதும் பிசுபிசுத்து, சருகெல்லாம் என்மேல. பக்கத்து நிரையில கொழுந்து பறிக்கிறவ, "என்னாக்கா, அண்ணன் ஒங்களுக்கே ஒட்டுப்போட்டு அனுப்பிட்டாரா?"ன்னா. சிரிக்கக்கூடத் தெம்பில்ல.

டயர்க்கடை முதலாளி நானாகிட்ட அவர் வழி கேட்டுட்டு வந்தார். "ரப்பரு உள்ளுக்குள்ள நூல் நூலா இருக்காம் புள்ள. கந்தகம் கலந்து வேகவெச்சா நூலுக்கு நூல் முடிச்சு விழுமாம். அப்பதான் இளகாது, வெறைக்காது."

"என்னத்தையோ போடுங்க. தண்ணி எறங்காம இருந்தாச் சரி."

அடுத்ததுல கந்தகம் கூடிப்போச்சு. முடிச்சு நெருங்கிப் பலகையா ஆயிருச்சு, குனிஞ்சதும் வெடிச்சது. பெறகு கொறச்சுக் கொறச்சுப் பார்த்து, டயர் வேகவெக்கிற அச்சுலயே வெச்சு எடுத்தார். கடைசியா வந்தது துணி மாதிரி மடிஞ்சது. அன்னிக்கு நல்ல மழை. அடிவயிறு காஞ்சே இருந்துச்சு. நம்பாம உள்ள கையவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கையில கணக்கப்பிள்ளை மூக்கைச் சுளிச்சார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கும். என் கூடைக் கொழுந்துல டயர்க்கடை வாடை.

"அதைக் கட்டிக்கிட்டு நாளைக்கு மலைக்கு வராத."

"வயித்துல புள்ள இருக்குங்க ஐயா."

"கொழுந்து நாறுதே, ஃபேக்டரிக்கு நான் என்னான்னு பதில் சொல்றது?"

பழையபடி சாக்கைக் கட்டினேன். ஒவ்வொரு நாளும் வயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்கி வந்தேன். எப்படியோ புள்ள தங்குச்சு, மார்கழிக் குளிர்ல பொறந்துச்சு. நாங்க இருந்த லயத்து வீட்டுத் தரை எப்பவும் ஈரம். அந்த ரப்பர்ப் படங்கை விரிச்சு, மேல பழைய சேலையப் போட்டுப் படுக்கவெச்சேன். சொட்டு ஈரம் ஏறல. வாடையப் பத்திப் புள்ள ஒண்ணும் சொல்லல.

வேலைக்குத் திரும்பின அன்னிக்கும் மழைதான். படங்கைப் புள்ளைக்கு அடியிலயே விட்டுட்டு, நான் சாக்கைக் கட்டிக்கிட்டு, காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போனேன்.